29 வயதில் பி.காம். படிப்பிலிருந்து பார்மசிக்கு வரலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். வயது 29. பிளஸ் டூவில் வணிகவியல் குரூப், பிறகு பி.காம்., அதன் பிறகு கணக்கு வேலை. கல்யாணமாகி வந்த வீடு களியக்காவிளைப் பக்கம். மாமனாருக்குக் கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே இருந்த பார்மசிஸ்ட் வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்டார். நானே பார்மசி படித்துவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பி.காம். படிப்புக்கு ஏதாவது சலுகை உண்டா, டி.பார்ம் என்ற டிப்ளமோவா பி.பார்ம் என்ற பட்டப் படிப்பா, தமிழ்நாட்டில் படிப்பதா கேரளாவில் படிப்பதா, வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்வதை நம்பலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தபோது இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் எனக்குத் தெரிந்தது. கடைச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறதா, அல்லது அந்த கவுன்டருக்குப் பின்னால் நின்று செய்யும் வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? இதற்கான பதிலைப் பொறுத்து மற்ற எல்லாம் மாறும். அதனால் அதை மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் டி.பார்ம் முடித்து, வேலை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பிறகு பி.பார்ம் சேர்ந்தவன். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி பார்மசியிலும், அப்புறம் மார்த்தாண்டத்தில் கடையிலுமாக இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் கவுன்டர் வேலை. மருந்துத் தொழிற்சாலை, ஆராய்ச்சி, கிளினிக்கல் டிரையல் போன்ற பக்கங்களில் நான் வேலை செய்ததில்லை. அவற்றைப் பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்த விஷயங்கள். பி.காம். பட்டத்தை வைத்துப் பார்மசியில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது. பி.எஸ்சி. வேதியியல் படித்தவருக்கும் இதே நிலைதான். சட்டம், எம்.பி.ஏ., பி.எட். போல ஏதோ ஒரு பட்டத்துக்கு மேல் சேருகிற படிப்பாக இது இந்தியாவில் இல்லை. எம்.பார்ம் படிக்க பி.பார்ம் வேண்டும். பி.பார்முக்கும் டி.பார்முக்கும் வாசல் பிளஸ் டூதான். அதிலும் இயற்பியல், வேதியியல் இரண்டும் கட்டாயம், கூடவே உயிரியல் அல்லது கணிதம் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது வணிகவியல் குரூப். ஆகவே உங்கள் பாதை கல்லூரி வாசலில் தொடங்கவில்லை, பிளஸ் டூ அறிவியலில் தொடங்குகிறது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் இந்த யோசனையையே விட்டுவிடுவார்கள். விடத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதை மறைத்துவிட்டு 'சேர்ந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்கிற எந்த ஆளையும் நம்பாதீர்கள்.

இதற்கு இருக்கிற நேர்வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். மத்திய அரசின் வாரியம் அது. ஏற்கெனவே பிளஸ் டூ முடித்தவர்கள் தங்களுக்குத் தேவையான பாடங்களை மட்டும் எடுத்து எழுத அதில் இடம் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் செய்முறைத் தேர்வோடு எழுதி முடிக்கலாம். வருஷத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. கணிதமா உயிரியலா என்று யோசித்தால் உயிரியலை எடுங்கள். கல்லூரிக்குப் போனதும் முதல் வருஷமே உடற்கூறியல் வரும், அப்போது கை கொடுக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மொழிப்பாடமும் ஆங்கிலமும் மாநில வாரியச் சான்றிதழில் இருக்கும், அறிவியல் மூன்றும் இன்னொரு வாரியச் சான்றிதழில் இருக்கும். இப்படி இரண்டு சான்றிதழை நீட்டும்போது சேர்க்கை நடத்துகிறவர்கள் கேள்வி கேட்கலாம். வேறு வாரியத்தில் படித்தவர்கள் தமிழ்நாட்டில் பி.பார்ம் சேர எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அதனால் என்.ஐ.ஓ.எஸ். கட்டணத்தைக் கட்டும் முன்பே, நீங்கள் சேர நினைக்கும் மாநிலத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் 'செல்லும்' என்று சொன்னதெல்லாம் நாளைக்கு உதவாது.

சரி, பிளஸ் டூ அறிவியல் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டி.பார்ம் இரண்டு வருஷம். அதன் பிறகு ஆஸ்பத்திரியிலோ மருந்துக் கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி, மூன்று மாதத்துக்குக் குறையாமல். பி.பார்ம் நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்மில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம், லேட்டரல் என்ட்ரி என்பார்கள். பார்ம்.டி என்று ஆறு வருஷப் படிப்பு ஒன்று 2008-லிருந்து இருக்கிறது, அதில் கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப். கடைக்காக அதில் இறங்க வேண்டியதில்லை. மருந்துக் கடை நடத்த, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க, டி.பார்ம் போதும். சட்டப்படி டி.பார்ம் முடித்துப் பதிவு பெற்றவரும் பி.பார்ம் முடித்துப் பதிவு பெற்றவரும் அந்த கவுன்டரில் ஒன்றுதான்.

டி.பார்முக்கு ஒரு புதிய படி வந்திருப்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் பதிவு பெறுவதற்கு முன் எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும் என்று 2022-ல் விதி கொண்டுவந்தார்கள். முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. மூன்று தாள், எல்லாம் ஆங்கிலத்தில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகள், ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். நீங்கள் படித்து முடிக்கும்போது இந்தத் தேர்வு இருக்கும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். பிளஸ் டூவுக்கு ஒரு வருஷம், டிப்ளமோவுக்கு இரண்டு, பயிற்சி, தேர்வு, பதிவு என்று சேர்த்தால் பார்மசிஸ்ட் என்று கையெழுத்துப் போட உங்களுக்கு 33 வயதாகியிருக்கும். நேராக பி.பார்ம் என்றால் 34, 35. என்னைக் கேட்டால் உங்கள் நிலைமைக்கு டி.பார்ம்தான் முதலில். நடுவில் குடும்பச் சூழ்நிலை மாறி நிறுத்த வேண்டிவந்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். பிடித்திருந்தால் லேட்டரலில் மேலே போகலாம். என்னோடு படித்தவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள்.

வயதைப் பற்றிக் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். இந்திய பார்மசி கவுன்சில், அதாவது பி.சி.ஐ., வகுத்த டி.பார்ம் விதிகளில் மேல் வயது வரம்பு கிடையாது. ஆனால் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மாநிலங்கள் தங்கள் சேர்க்கை விவரக்குறிப்பில் வரம்பு வைத்துக்கொள்ளலாம். அந்தந்த வருஷத்து விவரக்குறிப்பில் அந்த வரியை முதலில் படியுங்கள். வகுப்பில் உங்களைச் சுற்றி 18 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். முதல் மாதம் கூச்சமாக இருக்கும், அப்புறம் நிர்வாகப் பாடத்தில் சந்தேகம் கேட்க உங்களிடம்தான் வருவார்கள்.

தமிழ்நாடா கேரளாவா என்ற கேள்வி நம் பக்கத்து ஆட்களுக்கு எப்போதும் வருவது. நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் எளிது என்கிற வீடுகள் இங்கே ஏராளம். தமிழ்நாட்டில் பி.பார்ம் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது, நீட் தேவையில்லை. கேரளாவில் பி.பார்முக்கு நுழைவுத் தேர்வு இருக்கிறது. டி.பார்ம் ஒதுக்கீட்டை அங்கே எல்.பி.எஸ். மையம் என்ற கேரள அரசு நிறுவனம் நடத்துகிறது. அரசு ஒதுக்கீட்டில் இடம் வாங்க அந்த மாநிலத்துக்காரர் என்று காட்ட வேண்டும், அதனால் இருப்பிடச் சான்றிதழ் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கு முக்கியம். எந்த மாநிலத்தில் படித்தாலும், அந்தக் கல்லூரியும் அது நடத்தும் தேர்வும் பார்மசி சட்டத்தின் 12-வது பிரிவில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பி.சி.ஐ.யின் இணையதளத்தில் கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரும் வருஷத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், போன வருஷத்துக்கு இருந்தது போதாது.

படித்த மாநிலமும் பதிவு செய்யும் மாநிலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்களோ அல்லது தொழில் செய்கிறீர்களோ அங்கே பதிவு செய்யலாம். உங்களுக்கு வீடு தமிழ்நாட்டில், கடை கேரளாவில். கடை பாறசாலையில் இருப்பதால் அதன் லைசென்ஸ் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினுடையது. ஆகவே பதிவும் திருவனந்தபுரத்தில் இருக்கிற கேரள மாநில பார்மசி கவுன்சிலில் இருப்பதுதான் ஒழுங்கு. சென்னையில் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றலாம்தான். தமிழ்நாடு கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே நீக்கி, அங்கே சேர்க்க வேண்டும். எதற்கு இரட்டை அலைச்சல்? படிப்பு முடியும்போது எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்துவிட்டு ஒரே இடத்தில் பதியுங்கள். பதிவோடு முடிந்துவிடவும் இல்லை. ஐந்து வருஷத்தில் குறைந்தது இரண்டு புத்தாக்க வகுப்புக்குப் போயிருந்தால்தான் புதுப்பிப்பார்கள் என்று 2015-ல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் சொல்கின்றன.

இப்போது அந்த ஏஜென்ட். வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாருங்கள் என்று அவர் சொன்னாராம். டி.பார்ம் விதிப்படி எழுத்துப் பாடத்திலும் செய்முறையிலும் 75 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுதவே முடியாது. வருகையே இல்லாமல் ஒரு கல்லூரி பரீட்சைக்கு உட்கார வைக்கிறது என்றால், பதிவேட்டில் நீங்கள் அங்கே இருந்ததாகப் பொய் எழுதப்படுகிறது என்று அர்த்தம். அதே மாதங்களில் இங்கே நீங்கள் ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கியதற்கு பி.எஃப். கணக்கே சாட்சி. பதிவுக்கு விண்ணப்பித்தால் கவுன்சில் தேர்வு வாரியத்துக்கே எழுதிச் சரிபார்க்கும். நாளைக்கு வீட்டுக்காரரோடு மஸ்கட் போய் வேலை தேடலாம் என்று நினைத்தால் அங்கேயும் சான்றிதழை நேரடியாகக் கல்லூரியிடம் விசாரிப்பார்கள். பொய்யாகப் பதிவு பெற்றது தெரிந்தால் பெயரை நீக்கச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இதெல்லாம் மாட்டிக்கொள்வதைப் பற்றி. மாட்டிக்கொள்ளாவிட்டாலும் தப்பு தப்புதான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இதோடு சேர்ந்ததுதான் மாமனாருக்கு யாரோ சொன்ன இன்னொரு யோசனை. ஒரு பார்மசிஸ்டின் சான்றிதழை மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு வாங்கி மாட்டிவிட்டு, கடையைப் பழைய பையன்களை வைத்து ஓட்டுவது. இது எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். 1948-ம் வருஷத்துப் பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு, மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மட்டுமே செய்யலாம் என்கிறது. மீறினால் சிறைத் தண்டனையும் உண்டு, அபராதமும் உண்டு. 1945-ம் வருஷ மருந்து விதிகளில் 65-வது விதி, பார்மசிஸ்ட் நேரில் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று சொல்கிறது. நேரில் என்றால் கடைக்குள் இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் பிரேம் போட்ட காகிதம் மேற்பார்வை செய்யாது. தகுதியுள்ள ஆள் மாறினால் ஒரு மாதத்துக்குள் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் லைசென்ஸிலேயே இருக்கிற நிபந்தனை. போனவர் போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தாரா என்று மாமனாரிடம் இன்றைக்கே கேளுங்கள். நீங்கள் படித்து முடிக்கும் வரை, நிஜமாகவே வந்து நிற்கிற ஒரு பார்மசிஸ்டுக்குச் சம்பளம் கொடுத்து வைப்பதுதான் வழி. செலவுதான். ஆனால் அவரிடம் நீங்களும் வேலை கற்றுக்கொள்ளலாம்.

நேரில் நிற்பது ஏன் இத்தனை முக்கியம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் படிப்பு எதற்கு என்பது இதில்தான் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல். பாட்டி கடைக்கு வந்து 'பாரசிட்டமால் மருந்து, போன தடவை 5 மில்லி கொடுத்தோம்' என்கிறார். அலமாரியில் பாரசிட்டமால் இரண்டு விதமாக இருக்கும். சிரப் என்றால் 5 மில்லியில் 125 மில்லிகிராம் அளவில் இருக்கும், 250 இருக்கிற பாட்டிலும் உண்டு. கைக்குழந்தைக்கான டிராப்ஸ் என்றால் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் சரியான அளவு. போன தடவை கொடுத்தது 125 சிரப், 5 மில்லி சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கடைப் பையன் சின்ன பாட்டிலாக இருக்கட்டும் என்று டிராப்ஸை எடுத்துக் கொடுத்து, பாட்டி வீட்டில் அதே 5 மில்லியை ஊற்றினால் 500 மில்லிகிராம். பெரியவர்கள் விழுங்குகிற ஒரு மாத்திரையின் அளவு. அதையே ஒரு நாளைக்கு நாலு தடவை, மூன்று நாள் கொடுத்தால் குழந்தையின் ஈரல் என்னாகும்? இரண்டு பாட்டிலிலும் பெயர் ஒன்று, படம் ஒன்று, நிறம்கூட ஏறக்குறைய ஒன்று. பாட்டியிடம் குழந்தைக்கு என்ன வயது, எத்தனை கிலோ, வீட்டில் பழைய பாட்டில் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டு, அளவுக் குப்பியில் கோடு காட்டி அனுப்ப அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் இரண்டு வருஷம் படிக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு எழுதுவார்கள், வாரத்தில் ஒரு நாள் மட்டும். மருந்துக் கடைக் கவரில் பழக்கதோஷத்தில் 1-0-0 என்று எழுதிவிட்டால் நோயாளி தினமும் போடுவார். சில நாளில் வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் இறங்கி உயிருக்கே ஆபத்து. நான் அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது கவரில் கிழமையைப் பெரிதாக எழுதி, நோயாளியையே திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்புவேன். திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிற வழியில் நம் பக்கத்தில் மருந்து வாங்குகிறவர்கள் நிறைய. டாக்டர் மலையாளத்தில் சொன்னதில் பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது. பாறசாலைக் கடையில் உங்களுக்கு இரண்டு மொழியும் தெரிவது பெரிய பலம்.

அந்தக் கடைக்கு வருகிற நெருக்கடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷெட்யூல் எச்1 என்று ஒரு பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீரியமான பல ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டிரமடால் போன்றவை அதில் வரும். கொடுத்தால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கேரளாவில் 2024-ல் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனை தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கவுன்டரில் நிற்பவருக்கு அது தினமும் ஒரு வாக்குவாதம். 'போன மாதம் கொடுத்தீர்களே, இப்போது மட்டும் என்ன' என்று தெரிந்தவரே கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார். மாமனாரின் இருபது வருஷ வாடிக்கையாளரிடம் மருமகள் 'சீட்டு கொண்டு வாருங்கள்' என்று சொல்ல வேண்டிவரும். அதை உங்களால் சொல்ல முடியுமா, சொன்னால் மாமனார் உங்கள் பக்கம் நிற்பாரா என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். நான் பார்த்தவரை குடும்பக் கடைகளில் படித்து வந்த பிள்ளைகளுக்கு வருகிற பெரிய சங்கடம் இதுதான், பாடம்கூட இல்லை.

பி.காம். வீணா என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். வீணே இல்லை, அதை நேராகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. மொத்த வியாபார லைசென்ஸுக்கு, 20-பி, 21-பி என்பார்கள், பார்மசிஸ்ட்தான் வேண்டும் என்று இல்லை. மருந்து விதிகளின் 64-வது விதிப்படி, ஏதாவது ஒரு பல்கலைக்கழகப் பட்டமும் மருந்து வியாபாரத்தில் ஒரு வருஷ அனுபவமும் இருந்தால் தகுதியான ஆள் என்று ஏற்பார்கள். இடம் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும். அதாவது உங்கள் மனம் வியாபாரத்தில்தான் இருக்கிறது, நோயாளியோடு பேசுவதில் இல்லை என்றால், நான்கு வருஷம் படிக்காமலே ஸ்டாக்கிஸ்ட் ஆகலாம். கடையில் ஒரு வருஷம் முறையாகச் சம்பளப் பட்டியலில் பெயர் போட்டு வேலை பார்த்தால் அனுபவச் சான்றும் கிடைக்கும். உங்களைப் போல கணக்குத் தெரிந்தவர்கள் அங்கே நன்றாக வருவார்கள். பார்மசி படித்த பலருக்கு வராத விஷயங்கள் உங்களுக்குத் தெரியும். விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்துகளுக்குக் கடைக்காரர் லாபம் 16 சதவீதம் என்று 2013-ம் வருஷ விலைக் கட்டுப்பாட்டு ஆணையே சொல்கிறது. அதற்குள் வாடகை, சம்பளம், எக்ஸ்பயரி இழப்பு எல்லாம் அடங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரும்பாலான மருந்துக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்றைக்குப் பழைய ஸ்டாக்கை எப்படிக் கணக்கில் சரிக்கட்டுவது என்று தெரியாமல் எத்தனை கடைகள் திணறின என்று உங்கள் ஆடிட்டர் நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். எக்ஸ்பயரி நெருங்குகிற சரக்கைப் பிரித்து வைப்பது, திருப்பி அனுப்பிக் கிரெடிட் நோட் வாங்குவது, ஆஃபர் என்று தலையில் கட்டுகிற சரக்கை மறுப்பது, இதெல்லாம் கடையைக் காப்பாற்றுகிற வேலைகள்.

படிப்பில் எது கடினம் என்றால், உங்களுக்கு வேதியியலும் மருந்து செயல்பாட்டியலும். டி.பார்மின் புதிய பாடத்திட்டம் 2020-ல் வந்தது. முதல் வருஷத்தில் பார்மசூட்டிக்ஸ், மருந்து வேதியியல், மூலிகை மருந்தியல், உடற்கூறியல், சமூகப் பார்மசி. இரண்டாம் வருஷத்தில் மருந்து செயல்பாட்டியல், சிகிச்சையியல், உயிர்வேதியியல், ஆஸ்பத்திரிப் பார்மசி, சமுதாயப் பார்மசியும் (அதாவது கடைப் பார்மசி) நிர்வாகமும், சட்டம். நிர்வாகமும் சட்டமும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருந்து செயல்பாட்டியலை மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று உடலைப் பிடித்துக்கொண்டு படித்தால், பக்கவிளைவும் தானாகவே நினைவில் வரும். அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது என்று புரிந்தால் கணுக்கால் ஏன் வீங்குகிறது என்பதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைப் பார்மசிஸ்டின் ஆரம்பச் சம்பளம் நம் பகுதியில் குறைவு. ஏழு வருஷ அனுபவமுள்ள கணக்காளராக இன்றைக்கு நீங்கள் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இது ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும், அதனால் தொகை சொல்ல விரும்பவில்லை. அரசு வேலை என்றால் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், கேரளாவில் பி.எஸ்.சி. என்கிற அரசுப் பணியாளர் தேர்வாணையம். இரண்டுக்கும் வயது வரம்பு உண்டு, உங்கள் 33-ஐ வைத்துப் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள், மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகளும் இருக்கின்றன. இரண்டிலும் பார்மசித் தகுதி உள்ளவர் இல்லாமல் கடை நடத்த முடியாது. வளைகுடா மனதில் இருந்தால் பி.பார்ம் இருப்பது நல்லது. டிப்ளமோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் உதவியாளர் நிலையில்தான் எடுப்பார்கள். அமெரிக்கக் கனவு யாராவது காட்டினால், நான்கு வருஷ பி.பார்ம் அங்கே பதிவுத் தேர்வுக்கே போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று சொல்கிறேன். வேலையை விட்டுவிடாதீர்கள். சனி, ஞாயிறில் மாமனார் கடையில், அல்லது பார்மசிஸ்ட் இருக்கிற ஏதாவது ஒரு கடையில், இரண்டு மூன்று மாதம் போய் நில்லுங்கள். மருந்தை நீங்கள் கொடுக்க வேண்டாம், கொடுக்கவும் கூடாது. சரக்கு அடுக்குங்கள், பில் போடுங்கள், பார்மசிஸ்ட் நோயாளியிடம் பேசுவதைக் கேளுங்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை இருங்கள், அப்போதுதான் கூட்டம். கால் வலிக்கும். டாக்டர் கையெழுத்து புரியாது. யாராவது ஒருவர் கத்துவார். அதற்குப் பிறகும் 'அந்த ஆள் ஏன் இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்னார்' என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்க்கத் தோன்றினால், என்.ஐ.ஓ.எஸ். விண்ணப்பத்தைப் போடுங்கள். தோன்றாமல், ராத்திரி கணக்கு முடிக்கிற வேலை மட்டும் பிடித்திருந்தால், மொத்த வியாபார லைசென்ஸ் பக்கம் யோசியுங்கள். விண்ணப்பம் போடும்போது படிப்பு மையத்தைப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காமல், நேரில் போய் வேதியியல், உயிரியல் ஆய்வுக்கூடம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். செய்முறை மதிப்பெண் தனியாகத் தேற வேண்டும், அது இல்லாமல் சேர்க்கையில் அந்தச் சான்றிதழ் நிற்காது.